பெயர் கூப்பிடாத வகுப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று லிஃப்டில் மாட்டியவர் ஒரு வக்கீல். மெக்கானிக் போய்ச் சேரும்வரை என்னைத் திட்டித் தீர்த்தார். கம்பெனி மேல் கேஸ், போனை எடுத்த என் மேல் கேஸ், விட்டால் லிஃப்டைக் கண்டுபிடித்தவன் மேலும் கேஸ். நான் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தேன். அவசர அழைப்பு எடுப்பவர்களுக்கு எங்கள் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். முதலில் பெயரைக் கேள், பிறகு அந்தப் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே இரு. நாலு சுவருக்குள் மாட்டியவனுக்குத் தன் பெயர் காதில் விழுந்தாலே பாதி மூச்சு திரும்பிவிடும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா முகம் சரியில்லை. ஸ்டுடியோக்காரர் போன் செய்திருந்தாராம். தம்பிக்கு வேலை கொடுப்பவர். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் அவர் அனுப்புவார். தம்பி தன் அறையில் உட்கார்ந்து, முகங்களில் இருக்கும் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கருப்பு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துத் திருப்பி அனுப்புவான். பல வருடமாக இப்படித்தான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இப்போது அந்த வேலையை சாஃப்ட்வேரே ஒரு நொடியில் செய்துவிடுகிறதாம். நல்ல மனிதர், கைவிட மனமில்லை. "ஒண்ணாந்தேதியிலேருந்து கடைக்கே வந்துடச் சொல்லுங்கம்மா. கவுன்டர்ல உக்காந்து படம் எடுக்கட்டும். முடியாதுன்னா வேற ஆள் பாத்துக்கணும்" என்றாராம்.

தம்பியிடம் கேட்டேன். "சரிக்கா" என்றான்.

அவன் கடைசியாக வாசற்படி தாண்டியது எப்போது என்று யாரும் பேச்செடுக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

நேற்று முழுக்க இதே யோசனை. அவன் வெளியே போவதை நிறுத்தியது பெரிய கடை ஒன்றின் கதவால். ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. இவன் போய் நின்றிருக்கிறான், திறக்கவில்லை. ஒரு அடி பின்னால் வந்து மறுபடி போயிருக்கிறான். திறக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையை ஆட்டியிருப்பார்கள், காவலாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். இவன் பால் வாங்காமல் திரும்பி வந்துவிட்டான். "கதவுக்குக்கூட நான் தெரியலக்கா" என்று சொல்லிச் சிரித்தான். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அது ஜோக் இல்லை என்று அடுத்த வாரம் அவன் முடிவெட்டப் போக மறுத்தபோதுதான் உறைத்தது.

இது கதவில் ஆரம்பித்த விஷயம் இல்லை. எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. நான் அப்போது வேலை கிடைத்து வெளியூரில், ஹாஸ்டலில். அவன் சின்ன வயதிலிருந்தே மெதுவாகப் பேசுவான். கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தபோது ஒருவன், வகுப்பு மானிட்டர், "சார், வெறும் காத்துதான் வருது" என்றான். வகுப்பு சிரித்தது. அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. காத்து. பிறகு அது ஒரு விளையாட்டாக வளர்ந்தது. காத்து கண்ணுக்குத் தெரியாது அல்லவா? அதனால் அவனை யாரும் பார்க்கக்கூடாது. அவன் பேசினால் யாருக்கும் கேட்கக்கூடாது. அவன் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த இடம் காலி என்று நினைத்து அவன் மேலேயே பையை வைப்பார்கள்.

கணக்கு சார்தான் வகுப்பாசிரியர். அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். காலையில் வருகை எடுக்கும்போது இவன் பெயர் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இவன் தானாக எழுந்து "உள்ளேன் ஐயா" என்பான். சார் ஜன்னல் பக்கம் பார்த்து, "காத்து அடிக்குதுப்பா, யாராவது அதைச் சாத்துங்க" என்பார். வகுப்பே குலுங்கும். தினமும். ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை.

யாரும் அவனை அடிக்கவில்லை. ஒரு கீறல் இல்லை. அடித்திருந்தால் காட்டுவதற்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவன் அப்போது உன்னிடம் சொன்னானா?

"சொன்னான். சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னான். நீ கண்டுக்காத, தானா அடங்கிடும்னேன்."

"அப்பா உயிரோட இருந்தப்போ அவர்கிட்டயாவது சொன்னியா?"

"உங்கப்பா போய்க் கத்துனா ஸ்கூல்ல டி.சி. குடுத்துடுவான்னு பயம். படிப்பு போயிடுமே." பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப என்னைத் தூக்கில போடணுமா?" என்றாள்.

போடணும் என்று வாய்வரை வந்தது. வயதான மனுஷி, முட்டி வலியோடு நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். துணியை வாங்கித் துடைக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 11, புதன்

மானிட்டரைக் கண்டுபிடித்துவிட்டேன். கஷ்டமே இல்லை. ஊர் முழுக்கச் சுவரில் அவன் முகம்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறான். "பயம் போக்கி ஓட்ட வைப்போம்" என்று போர்டில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான். நான் யாருடைய அக்கா என்று சொன்னதும் நெற்றியைச் சுருக்கினான். நிஜமாகவே ஞாபகம் இல்லை. காத்து என்றதும்தான் முகம் மலர்ந்தது.

"அவனா! சும்மா விளையாட்டுங்க அது. நாங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் ஓட்டுவோம். என்னை எருமைன்னுதான் கூப்பிடுவானுங்க."

"எருமைன்னு கூப்பிட்டா நீங்க திரும்பிப் பாத்திருப்பீங்க இல்ல? அவன யாரும் கூப்பிடவே இல்லியே."

டீ கிளாஸை அப்படியே வைத்தான். கொஞ்சம் உறைத்தது போலத்தான் இருந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். "சின்னப் பசங்கங்க நாங்க. எங்களுக்கு என்ன தெரியும்? சார் ஒரு அதட்டு போட்டிருந்தா அன்னிக்கே நின்னிருக்கும். அவரே செஞ்சாரே. நீங்க அவரைத்தான் கேக்கணும்."

சரிதானே அவன் சொல்வது? பதிமூன்று வயதுப் பையன். எதை வைத்து அவனை மடக்க? ஆனால் வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பார்த்தேன், உள்ளே யாரிடமோ போனில் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

மார்ச் 13, வெள்ளி

அரை நாள் லீவு. பள்ளிக்கூடம்.

பள்ளி முதல்வர் மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேலி, கிண்டலை ஒழிப்போம் என்று வராந்தா முழுக்க வண்ணப் படம். குழந்தைகளையே வரைய வைத்தார்களாம். சிரித்த முகங்கள், கோத்த கைகள்.

"அப்போ இருந்த நிர்வாகமே வேற மேடம். அறக்கட்டளையே கை மாறிடுச்சு. புகார்னு எழுத்துல எதுவும் இல்ல." பழைய பதிவேட்டைக்கூட எடுத்துப் பார்த்திருந்தார், பாவம். "உங்க தம்பி அந்த ரெண்டு வருஷமும் ஒரு நாள்கூட லீவு போடலியே. அவ்ளோ கஷ்டம்னா பையன் தினமும் வந்திருப்பானா?"

வந்தான். லீவு போட்டால் நிஜமாகவே இல்லாமல் போய்விடுவோமோ என்று பயந்துபோய் வந்தான். காய்ச்சலோடு வந்தான். சார் பெயரைக் கூப்பிடமாட்டார், ஆனால் பதிவேட்டில் ஒழுங்காக டிக் போட்டுவிடுவார். காகிதத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் வகுப்பிலேயே முதல்.

ஆளாளுக்கு ஒரு கை வைத்திருக்கிறார்கள். யாருடைய கை என்று கேட்டால் எல்லோர் கையும் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. சாரின் விலாசம் மட்டும் கொடுத்தார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

சார் வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய மருமகள். முன்னறையில் டியூஷன் எடுக்கிறார். சுவரில் வரிசையாக வகுப்புப் படங்கள். நான் யாருடைய அக்கா என்று சொன்னேன்.

"காத்து!" என்றார். அவ்வளவு பிரியமாக. "நல்லாருக்கானாம்மா? எங்க வேலை பாக்குறான்?"

நான் எங்கே வேலை பார்க்கிறான் என்று சொன்னேன். எப்படி இருக்கிறான் என்றும் சொன்னேன். கதவு, முடிவெட்டு, பல்வலி வந்தபோது டாக்டரிடம் போய், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டும் எழாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தது, மாப்பிள்ளை பார்க்க வருகிறோம் என்றவர்களிடம் அம்மா சொன்ன பொய்கள், எல்லாம். மூச்சு வாங்கியது எனக்கு.

அந்த முகம் மெல்ல மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன், மறைப்பானேன்.

"ரொம்ப அடங்காத வகுப்பும்மா அது. எனக்கு முன்னாடி ரெண்டு வாத்தியார் ஓடிட்டாங்க. காலையில ஒரு தடவை சிரிக்க வெச்சுட்டா அந்த நாள் முழுக்க அமைதியா இருப்பானுங்க. ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாடியும் என் வகுப்பைத்தான் பாராட்டுவார்." கண்ணாடியைக் கழற்றினார். "அவன் ஒருத்தன வெச்சுத்தான் நான் அந்த வகுப்பை ஓட்டினேன்னு இன்னிக்குத்தான் தோணுது."

யாராவது ஒருவர் இதைச் சொல்லவேண்டும் என்றுதானே அலைந்தேன்? சொல்லிவிட்டார். உடனே எனக்கு அந்த யோசனை வந்தது. என்னிடம் சொல்லி என்ன? அவனிடம் சொல்லட்டும். இவர் வாயால் வந்த பூட்டு, இவர் வாயாலேயே திறக்கட்டும். ஒன்றாம் தேதிக்குள் திறக்கட்டும்.

"வரேம்மா. கண்டிப்பா வரேன்" என்றார்.

மார்ச் 21, சனி

தம்பியிடம் சொன்னேன். நாளைக்கு சார் வருகிறார், உன்னிடம் மன்னிப்புக் கேட்க.

மவுஸை அசைக்காமல் திரையையே பார்த்தான். யாரோ ஒரு மணப்பெண்ணின் பாதி துடைத்த முகம்.

"சரிக்கா."

அவன் வாயிலிருந்து எப்போதாவது "வேண்டாம்" என்று ஒரு சொல் வந்திருக்கிறதா என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சார் பழப்பையோடு பத்து மணிக்கு வந்தார். தம்பி குளித்து, வகிடு எடுத்துச் சீவி, சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தான். சார் உள்ளே நுழைந்ததும் விருட்டென்று எழுந்து, சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முப்பத்து நாலு வயசு ஆம்பளை! உட்காருடா என்றேன். உட்காரவில்லை.

சார் நன்றாகத்தான் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "நான் உனக்குப் பண்ணது பெரிய தப்புப்பா. சிரிப்புக்காகப் பண்ணேன். நீ மனுஷன்கிறதையே மறந்துட்டேன். மன்னிச்சுடு." குரல் உடைந்துவிட்டது.

"பரவால்ல சார். விளையாட்டுக்குத்தானே சார். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கணும் சார்."

சார் அழுதேவிட்டார். தம்பி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்தான். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று டம்ளரை வாங்கிக்கொண்டான்.

அதோடு போயிருக்கலாம். அவருக்கு மனசு பொங்கிவிட்டது. எழுந்து நின்று, "அன்னிக்குக் கூப்பிடாதத இன்னிக்குக் கூப்பிடுறேன்பா" என்று சொல்லி, வகுப்பில் கூப்பிடுவது போலவே, கணீரென்று, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்.

தம்பி வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

சார் காத்திருந்தார். நான் மனசுக்குள் சொல்லுடா, சொல்லுடா என்று கதறினேன். சார் இன்னொரு தடவை கூப்பிட்டார். தம்பி கண்ணைச் சுழற்றி ஜன்னலைப் பார்த்தான். நேராக ஜன்னலைத்தான் பார்த்தான்.

அம்மாவுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. அடுப்படி வாசலிலிருந்து, சிரித்துக்கொண்டே, "உள்ளேன் ஐயா!" என்றாள்.

சாரும் சிரித்தார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. பிறகு எல்லோரும் டீ குடித்தோம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி தங்கம்மா, தங்கம். இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்" என்றார். தெருமுனைவரை கையை வீசிக்கொண்டு போனார். வரும்போது பிடித்திருந்த கைத்தடியை எங்கள் வீட்டில் மறந்துவைத்துவிட்டார்.

மார்ச் 23, திங்கள்

வேலையில் ஒருவர் மாட்டிக்கொண்டார். அவரிடம் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் பிடித்துக் கிழித்தார்.

மார்ச் 25, புதன்

இன்று அவனாகப் பேசினான். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல்.

"அவர ஏங்கா கூட்டிட்டு வந்த?"

உனக்கு ஆறுதலா இருக்கும்னு...

"அவருக்கு ஆறுதலா இருந்துச்சு. இத்தனை வருஷம் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சுக்கா. அவங்க மேல கோவம். ராத்திரி படுத்தா அத நெனச்சுக்குவேன், நான் இருக்கேன்னு தெரியும். இப்ப அதுவும் இல்ல. மன்னிச்சுட்டேனே. பரவால்லன்னு சொல்லிட்டேனே. இனி எப்படிக் கோவப்படுறது?"

நீ மன்னிக்க வேண்டியதில்லடா, இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிடலாம்டா, நான் சொல்றேன்டா — என்னென்னவோ சொன்னேன். பைத்தியம் மாதிரி சொன்னேன்.

"சரிக்கா" என்றான்.

மார்ச் 28, சனி

மன்னிப்புக் கேட்டதை சார் மானிட்டரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மானிட்டர் தம்பியின் நம்பரை வாங்கி, வகுப்புக்காரர்கள் போனில் வைத்திருக்கும் குரூப்பில் சேர்த்துவிட்டான். தம்பி போனை என்னிடம் நீட்டினான். படித்தேன்.

ஸாரிடா காத்து. வெல்கம் காத்து. எவ்ளோ நாளாச்சு மச்சி. எல்லாரும் சின்னப் பசங்கடா அப்போ. பெரிய மனசுடா உனக்கு. கும்பிடும் கைகள், இதயங்கள், அழுகிற முகங்கள். ஒருவன் எழுதியிருந்தான், குரூப்புக்குள்ள காத்து வந்துடுச்சு, ஃபேனை ஆஃப் பண்ணுங்கப்பா. அதற்குச் சிரிப்பு முகங்கள் வரிசையாக. இன்னொருவன், டேய் பாவம்டா, என்று போட்டிருந்தான். அவனும் ஒரு சிரிப்பு முகத்தோடுதான்.

மத்தியானத்துக்கு மேல் யாரோ பழைய கார் விற்பதைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது. தம்பி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

யாரைப் போய்க் கேட்பது? அத்தனை பேரும் மன்னிப்புக் கேட்டாயிற்று. கணக்கு முடிந்தது அவர்களுக்கு. போலீஸுக்குப் போனால் என்ன எழுதித் தருவேன்? இவர்கள் என் தம்பியைப் பார்க்கவில்லை என்றா?

ஏப்ரல் 1, புதன்

லீவு போட்டிருந்தேன். அவனை நானே வண்டியில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. எழுந்தான், குளித்தான், டிபன் சாப்பிட்டான், செருப்பு போட்டான். வாசற்படி வரை வந்தான்.

நான் ஸ்கூட்டரைக் கிளப்பித் திரும்பிப் பார்த்தேன். படியிலேயே நிற்கிறான். வாடா என்றேன். ஒரு கால் எடுத்து வைக்கவில்லை. முகத்தில் பயம்கூட இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. யாரோ வேறொருவனைக் கூப்பிடுகிறார்கள் என்பது போல நின்றான்.

கத்தினேன். தெருவில் நின்று கத்தினேன். உனக்காக எவ்ளோ அலைஞ்சேன், என்னைப் பாத்தா மனுஷியாத் தெரியலியா உனக்கு, வாடான்னா வாயேண்டா! எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவன் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனான். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஏப்ரல் 2, வியாழன்

சார் போன் செய்தார். கைத்தடி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், இப்போதெல்லாம் அது இல்லாமலே நடக்க முடிகிறது என்றார்.

ஏப்ரல் 8, புதன்

ஸ்டுடியோக்காரர் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். ரொம்பத் தயங்கித்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கதையில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் விசேஷம். தம்பி கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்திவிட்டான். குரூப்பிலிருந்து மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "வெளிய வந்தா, வெளிய வந்துட்டேன்னு எல்லாருக்கும் காட்டும்கா" என்றான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. வெயில். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. லிஃப்ட் கம்பெனியில் எனக்கு மே மாதம் காலை ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள், நல்லதுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மா, "அவனுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு பாரு" என்றாள்.

"போதும்மா அவனுக்கு" என்றேன்.

"சட்டையெல்லாம் நைஞ்சு போச்சு. ரெண்டு எடுக்கணும்."

"எதுக்கு? எங்க போகப் போறான்."

"அதுவும் சரிதான்" என்றாள். பிறகு மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வரச் சொல்வது பற்றிப் பேசினோம். இந்த வாரமே கழுவியாக வேண்டும், தண்ணீரில் வாடை அடிக்கிறது. நான் கை கழுவ எழுந்தேன்.

இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் கை நின்றது. தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.